கேட்டு வாங்க வேண்டுமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளின் இரவு நேர அவசர சிகிச்சைப் பிரிவு பற்றிச் சென்ற வாரம் தாங்கள் வெளியிட்ட செய்தியைப் படித்தேன். எல்லாம் சரி. கடைசிப் பத்தியில், பெயர் சொல்ல விரும்பாத அதிகாரி ஒருவர், கொடுப்பது என்ன மருந்து, எப்போது சாப்பிடுவது என்பதை நோயாளிதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று திருவாய் மலர்ந்திருக்கிறார். அவருக்கே பெயர் சொல்ல விருப்பமில்லை. மாத்திரை மட்டும் எப்படிப் பெயர் சொல்லும்?

கேட்டேன் ஐயா, கேட்கத்தான் செய்தேன். போன ஆடியில் ஒருநாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு என் மனைவிக்குத் தலைசுற்றலும் வாந்தியும். பக்கத்து ஊர் அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். டூட்டி டாக்டர் நன்றாகவே பார்த்தார். ஊசி போட்டு, ஒரு மணி நேரம் படுக்க வைத்து, மூன்று நாளைக்கு மாத்திரை எழுதினார். மருந்து கொடுக்கும் இடமோ பூட்டிக் கிடந்தது. பாம்புக்கடியோடு வந்த பையனுக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸம்மா ஓடி வந்து, மேஜை இழுப்பறையைத் திறந்து, அட்டைகளைக் கத்தரியால் வெட்டி, நாள்காட்டித் தாளில் மடித்துக் கொடுத்தார். "பெரிய வெள்ளை காலையும் ராத்திரியும், சின்ன வெள்ளை காலையில மட்டும், மஞ்சள் படுக்கும்போது." பெயர் கேட்டேன். "சீட்டுல இருக்கு சார்" என்று சொல்லிக்கொண்டே பையனிடம் ஓடிவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. இருந்தது அவர் ஒருவர்தான்.

வீட்டில் வந்து பிரித்தால், இரண்டு வெள்ளையும் ஒரே அளவு. கத்தரி போட்டதில் பெயர் போய்விட்டது. அட்டையில் மிச்சமிருந்தது 'விற்பனைக்கு அல்ல' என்பது மட்டும். நாள்காட்டித் தாளில் அன்றைக்கு யாருக்குச் சந்திராஷ்டமம் என்பது தெளிவாக இருந்தது. காலையில் சீட்டை எங்கள் தெரு மருந்துக்கடைக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். "வாந்தி மாத்திரைன்னு நினைக்கிறேன். சுகர் மாத்திரையா இருந்தாலும் இருக்கும்" என்றார். ஏற்கெனவே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிற மனைவியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவள் எதையுமே சாப்பிடவில்லை. வாந்தி தானாக நின்றது. மருந்தின் பெயரைப் புரியும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவ கவுன்சில் 2016-லேயே விதி போட்டது தங்களுக்குத் தெரியாததா?

மருந்தாளுநர் படிப்பான டி.ஃபார்ம் படித்த என் மருமகள் இன்னொன்றும் சொன்னாள். அரசு மருத்துவமனை மருந்து கொடுக்க விற்பனை உரிமம் எடுக்க வேண்டாம் என்று 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'கே' அட்டவணை சலுகை தருகிறதாம். ஆனால் தகுதி பெற்றவரோ, அவர் மேற்பார்வையில் மற்றவரோதான் கொடுக்க வேண்டும் என்று அங்கேயே நிபந்தனையும் இருக்கிறதாம். சலுகையை இருபத்திநான்கு மணி நேரமும் வைத்துக்கொண்டு, நிபந்தனையை மட்டும் சாயங்காலம் பூட்டிவிட்டுப் போகிறார்கள்.

இத்தனைக்கும் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி அனுப்பும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை நான் குறைத்துப் பேசுகிறவன் அல்ல. எவ்வளவு மருந்து போனது என்று மருத்துவமனைக்கு மருத்துவமனை பாஸ்புக் போட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தாங்களும் ஆரம்பித்தன. கிடங்கிலிருந்து ராஜ மரியாதையோடு வருகிற மாத்திரைக்குக் கடைசி நாலு அடியில்தான் இந்தக் கதி. முப்பத்துநான்கு வருடம் தபால் இலாகாவில் வேலை பார்த்தவன் நான். ஒரு பதிவுத் தபாலை ரசீது இல்லாமல் வாங்கியதில்லை. (அந்தப் பதிவுத் தபாலையே 2025-இல் விரைவு அஞ்சலோடு சேர்த்துவிட்டார்கள். அது வேறு வயிற்றெரிச்சல்.)

தனியாரிடம் போகலாமே என்பீர்கள். என் மைத்துனருக்கு நெஞ்சுவலி என்று போனோமே! மருந்தெல்லாம் அந்த மருத்துவமனைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்றார்கள். ஒரே ராத்திரிக்குக் கையுறை மட்டும் பன்னிரண்டு ஜோடி. மிச்சத்தைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். தங்கள் கடையிலேயே வாங்கச் சொல்லும் இந்த வழக்கம் பற்றிய மனுவில், மாநில அரசுகளே முடிவு செய்யட்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைப் பற்றி அப்போது நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தைத் தாங்கள் மூன்று வரியாக்கி, ஊர்ப் பெயரையும் தப்பாகப் போட்டீர்கள். பரவாயில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அவசர சிகிச்சைப் பிரிவு மேஜையில் சூரியன், நிலா படம் போட்ட காகித உறை ஒரு கட்டும், எழுதுகிற பேனா ஒன்றும் வைக்கட்டும். மாத்திரையின் பெயரையும் வேளையையும் தமிழில் எழுதித் தரட்டும். ராத்திரிக்கு ஒரு மருந்தாளுநரையும் போட்டால் புண்ணியமாகப் போகும்.

வெட்டிய அட்டைத் துண்டை, மாத்திரையோடு, இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்த அதிகாரி மறுபடி தங்கள் நிருபரிடம் பேசினால், இது என்ன மாத்திரை என்று கேட்டுச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.