குடும்ப வன்முறைப் பயிற்சியில் விட்டுப்போனவை

ஆசிரியருக்கு வணக்கம்.

பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்புக்கென்று நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை கடைப்பிடிக்கப்படும் 16 நாள்களில், கிராம சுகாதார செவிலியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் ஆங்காங்கே பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. பெரும்பாலும் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் பிரிவுகளை விளக்குவதோடு வகுப்பு முடிந்துவிடுகிறது. சட்டம் தெரிய வேண்டியதுதான். ஆனால் மறுநாள் ஒரு கர்ப்பிணியின் கையில் கன்றிப்போன தடத்தைப் பார்க்கும் செவிலியர் வாயைத் திறந்து என்ன கேட்பது என்பதற்கு அங்கே பதில் கிடைப்பதில்லை.

ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுள்ள, மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். செவிலியர் வீடு வீடாகப் போகும் எந்த நாளிலும் அவர்களில் சிலரைப் பார்க்காமல் திரும்ப முடியாது.

எப்போது கேட்கக் கூடாது என்பதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும். மாமியார் திண்ணையில் இருக்கிறார், கணவர் உள்ளே இருக்கிறார், பேச்சு வந்த குழந்தை மடியில் இருக்கிறது என்றால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. குழந்தை கேட்டதை ராத்திரி அப்படியே அப்பாவிடம் சொல்லிவிடும். பிரஷர் பார்க்க வேண்டும் என்று துணை சுகாதார நிலையத்துக்குத் தனியாக வரச் சொல்லலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதலும் வருகிற எல்லாப் பெண்களிடமும் படிவம் நிரப்புவதுபோலக் கேட்கச் சொல்லவில்லை; காரணம் பொருந்தாத காயம், தீராத வலி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி போன்ற அறிகுறி தெரிந்தால் கேட்கச் சொல்கிறது.

"வீட்ல ஏதும் பிரச்சினையாம்மா?" என்றால், "ஒண்ணுமில்லக்கா" என்றுதான் பதில் வரும். "இப்படிக் காயத்தோட வர்றவங்கள்ல சில பேரை வீட்ல அடிச்சிருப்பாங்க. உனக்கு அந்த மாதிரி ஏதும் நடக்குதாம்மா?" என்று கேட்டால் அவளுக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். சொல்லவில்லை என்றால் வற்புறுத்தக் கூடாது.

"அனுசரிச்சுப் போம்மா" என்ற சொல்லை விட வேண்டும். "உடனே கிளம்பி வந்துடு" என்பதும் அதே அளவு தவறு. வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்தில்தான் ஆபத்து கூடுகிறது. போவதா இருப்பதா என்பதை அவள்தான் முடிவுசெய்ய வேண்டும். எல்லாவற்றையும்விட மோசமானது, நல்லெண்ணத்தோடு கணவரைக் கூப்பிட்டுப் புத்தி சொல்வது. "வெளிய போய் சொல்லிட்டியா" என்று அன்று ராத்திரியே அடி விழும்.

ஆபத்தின் அளவைக் கணிக்க ஆறு கேள்விகள் போதும். கடந்த ஆறு மாதத்தில் அடி அதிகமாகியிருக்கிறதா? ஆயுதம் எடுத்திருக்கிறாரா, அதைக் காட்டி மிரட்டியிருக்கிறாரா? கழுத்தை நெரித்திருக்கிறாரா? கர்ப்பமாக இருந்தபோது அடித்தாரா? ஓயாமல் சந்தேகப்படுகிறாரா? கொன்றுவிடுவார் என்று தோன்றுகிறதா? மூன்றுக்கு 'ஆமாம்' வந்தால் அவளை வெறுமனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கழுத்து நெரிப்பைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும். பல நேரம் வெளியே தடமே இருக்காது. ஆனால் குரல் கம்மியிருக்கலாம், எச்சில் விழுங்க வலிக்கலாம், கண்ணில் சிவப்புப் புள்ளிகள் தெரியலாம். வீக்கம் சில மணி நேரம் கழித்தும் மூச்சை அடைக்கலாம். 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

அவள் சொன்னதைத் தாய் சேய் நல அட்டையில் எழுதவே கூடாது; அந்த அட்டை வீட்டில்தான் இருக்கும். பதிவேட்டில் உள்ள கைபேசி எண் பல நேரம் கணவருடையது. அதில் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது. 181 மகளிர் உதவி எண்ணுக்கும் செவிலியரின் கைபேசியிலிருந்தே பேச வைப்பது நல்லது.

எங்கே அனுப்புவது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவர் எழுதும் குடும்ப நிகழ்வு அறிக்கை எஃப்ஐஆர் அல்ல. அதனால் மட்டும் கணவரைக் கைதுசெய்துவிட மாட்டார்கள். இதைத் தெளிவாகச் சொன்னாலே பாதிப் பயம் போகும். தகவல் கொடுக்கும் பணியாளருக்கும் பாதுகாப்பு உண்டு: நல்லெண்ணத்தோடு சொன்னால் வழக்கு எதுவும் வராது என்கிறது குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் சகி மையத்தில் மருத்துவம், சட்ட உதவி, சில நாள் தங்குமிடம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். அந்தந்த மாவட்ட எண்கள் செவிலியரின் கைபேசியில் இருக்க வேண்டும். வகுப்பிலேயே ஒருமுறை அழைத்து, யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துவிட வேண்டும்.

பணியாளர்களில் பலர் அதே ஊர்க்காரர்கள். அடிப்பவர் அவர்களுக்கே சொந்தக்காரராக இருக்கலாம். அவர்களே வீட்டில் அடி வாங்குபவர்களாகவும் இருக்கலாம். ஆகவே வகுப்பு முடிந்த பிறகும் பேச, மேலே ஒருவர் வேண்டும். ஒரு நாள் விரிவுரைக்குப் பதிலாக, இருவர் இருவராக நடித்துப் பழகும் அரை நாள் வகுப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடத்தலாம்.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் "எத்தனை பேரைக் கண்டுபிடித்தீர்கள்?" என்று இலக்கு வைக்காதீர்கள். இலக்கு வந்துவிட்டால், மாமியார் பக்கத்தில் இருக்கும்போதே கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
சுகாதாரப் பணியாளர் பயிற்றுநர்,
திண்டுக்கல்