மாலதிக்கு, லண்டனிலிருந்து

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அதற்காகப் பேத்திக்குப் பரதநாட்டிய அடவு சொல்லிக்கொடுக்கிறேன் என்று முழங்காலை மடக்கி அரைமண்டி உட்காராதே. நாற்காலியில் இருந்தபடியே தட்டுக்கழியைத் தட்டு, போதும்.

இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. பேரனுக்குச் சளி, மாப்பிள்ளைக்கு வேலை ஓயவில்லை. சரி, அதெல்லாம் இருக்கட்டும். சனிக்கிழமை மகள் என்னை கோவன்ட் கார்டனில் இருக்கும் ராயல் ஓபரா ஹவுஸுக்கு அழைத்துப் போனாள். ராயல் பாலே குழுவின் ‘ஜிசெல்’ என்ற பாலே நாட்டியம். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்!

எங்கள் இடம் உச்சி மாடியில். படி ஏறி மூச்சு வாங்கியது. கீழே பார்த்தால் மேடை உள்ளங்கை அளவுதான் தெரிந்தது. முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

கதை நமக்குப் பழக்கமானதுதான். ஜிசெல் ஒரு கிராமத்துப் பெண். பிரபு ஒருவன் குடியானவன் வேஷத்தில் வந்து அவளைக் காதலிக்கிறான். அவனுக்கு ஏற்கெனவே வேறொருத்தியோடு நிச்சயமாகிவிட்டது என்று தெரிந்ததும் அவள் சித்தம் கலங்கி, எல்லோர் கண் முன்னாலும் உயிரை விடுகிறாள். 1841-ல் பாரிஸில் முதன்முதலாக ஆடியது. அடோல்ஃப் ஆடம் இசை. சந்தோஷமாக இருந்தபோது கேட்ட அதே மெட்டு, அவள் தலைமுடி அவிழ்ந்து தடுமாறும்போது துண்டு துண்டாகத் திரும்பி வருகிறது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஜிசெல்லின் அம்மா ஓர் இடத்தில் அபிநயம் பிடிக்கிறாள். தலைக்கு மேல் இரண்டு கைகளையும் ஒன்றையொன்று சுற்றினால் ஆட்டம். முஷ்டி பிடித்து மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்தால் சாவு. ஆடி ஆடியே செத்துப்போவாய் என்று மகளை எச்சரிக்கிறாள். யாரும் சொல்லித்தராமலே எனக்குப் புரிந்தது. பக்கத்தில் நீ இருந்திருந்தால் என் கையைக் கிள்ளியிருப்பாய்.

இரண்டாவது பாகம் காட்டுக்குள், நிலா வெளிச்சத்தில். கல்யாணத்துக்கு முன் ஏமாற்றப்பட்டுச் செத்த பெண்களின் ஆவிகளுக்கு அங்கே ‘விலி’ என்று பெயர். நம் ஊர் மோகினி மாதிரிதான். அகப்படும் ஆணைச் சாகும்வரை ஆட வைப்பார்கள். வெள்ளை உடையில் 20 பேருக்கு மேல் இரண்டு பக்கமும் அணிவகுத்து நின்று, ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளி, மறு காலைப் பின்னால் நீட்டியபடி, எதிரெதிராக ஒரு வரிசைக்குள் இன்னொரு வரிசை புகுந்து கடந்தது. மேலிருந்து பார்த்ததால் அந்தக் கோலம் முழுசாகத் தெரிந்தது. உச்சி மாடி கிடைத்தது நல்லதாகப் போயிற்று.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டொப், டொப், டொப். ஆவிகளின் கால் சத்தம்! நாம் டிவியிலும் யூடியூபிலும் எத்தனை முறை பாலே பார்த்திருப்போம்? ஒருநாளும் இது காதில் விழுந்ததில்லை. கால்விரல் நுனியில் நிற்பதற்காக அவர்கள் போடும் ஷூவின் முனையில் மரக்கட்டை இருக்கிறது என்றுதானே நினைத்திருந்தோம்? துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டியதாம். ரிப்பனை ஆடுகிறவர்களே தைத்துக்கொள்கிறார்கள். புது ஷூவை வளைத்து, சுவரில் அடித்து, சத்தத்தைக் குறைத்துக்கொண்டுதான் மேடை ஏறுகிறார்கள்.

யோசித்துப் பார். பரதம் சொல்லித்தந்த வாத்தியார் நம்மிடம் என்ன கேட்டார்? “தட்டு, தரை அதிரட்டும்.” அங்கே காலே தாளம். இங்கே கால் தரையைத் தொட்டதே தெரியக் கூடாது என்பதற்காக அதே பாடு படுகிறார்கள். காற்றில் மிதக்கிற மாதிரி இருந்த பெண்களின் உடம்புக் கனத்தை அந்தச் சத்தத்தில் கேட்டதும் எனக்கு அவர்கள் மேல் பிரியம் பொங்கியது. ஆவியாகத் தெரிவதற்கு ஓர் உடம்பு எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது!

மறுநாள் கோல்டர்ஸ் கிரீன் பக்கம் ஐவி ஹவுஸைப் போய்ப் பார்த்தோம். ஜிசெல் ஆடிப் பேர் வாங்கிய அன்னா பாவ்லோவா 1912 முதல் வாழ்ந்த வீடு. அவர் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம்தானே நம் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி பாலே கற்றார்? உன் நாட்டின் ஆட்டத்தையும் தேடிப் போ என்று அவரைத் தூண்டியதும் பாவ்லோவாதான். அந்த வாசலில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

பொங்கலுக்கு முன்னால் ஊருக்கு வந்துவிடுவேன். வந்ததும் உன் மொட்டைமாடியில் அந்த அம்மாவின் அபிநயத்தை முழுசாகச் செய்து காட்டுகிறேன். உனக்குத்தான் கதையைச் சொல்லிவிட்டேனே, அதனால் கதை தெரியாத பேத்தியை உட்கார வை. அவளுக்குப் புரிகிறதா பார்க்கலாம்.

அன்புடன்,
ராதா