கறை வேறு, சொத்தை வேறு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

போன வாரம் நம் பள்ளிக்குப் பல் மருத்துவர் வந்திருந்தார். இந்தப் பக்கத்தில் பாட்டி முதல் பேத்தி வரை பல வீடுகளுக்குப் பல் பார்க்கிறவர் என்பதால் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்து, டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். மாலையில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் பேசினார். ஆனால் கூட்டத்துக்கு வந்தவர்கள் குறைவு. புளி தட்டுகிற காலம், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவது எளிதில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவர் சொன்னதையும், நான் கண்ணால் பார்த்ததையும் சேர்த்து எழுதி அனுப்புகிறேன். படிக்கத் தெரியாத தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் இதை வீட்டில் வாசித்துக் காட்டட்டும், வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு. நன்றாகப் படிப்பான், ஆனால் பாடம் சொல்ல எழுந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். மருத்துவர் கையை எடுக்கச் சொன்னபோது ஈறெல்லாம் சிவந்து, இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. விசாரித்தால், ஒரு மாதமாகச் செங்கல்லைப் பொடித்துப் பல் தேய்க்கிறானாம். முன்பல்லில் இருக்கும் பழுப்புக் கோடு போகவேண்டும் என்று. அவன் அம்மாவை அழைத்துப் பேசினேன். "பல்லு வெளக்குடான்னா ஒழுங்கா வெளக்கறதில்ல மேடம், அதான் கறை புடிச்சிருக்கு, நாந்தான் திட்டினேன்" என்றார். அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். நானும் இந்தப் பள்ளிக்கு வந்த புதிதில் பிள்ளைகளிடம் அப்படித்தான் சொன்னேன். அது தவறு.

மருத்துவர் சொன்னது இதுதான். அந்தக் கறை பல் விளக்காததால் வந்தது இல்லை. தண்ணீரால் வந்தது. நம் தருமபுரி மாவட்டத்திலும் பக்கத்துக் கிருஷ்ணகிரியிலும் பாறைக்கடியிலிருந்து வரும் போர்த் தண்ணீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு என்ற உப்பு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது அரசின் தர அளவு. அதற்கு மேல் போனால், ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதிலேயே அதன் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேல் ஓடு, கெட்டுவிடுகிறது. பல் வெளியே வரும்போதே வெள்ளைத் திட்டோடும் மஞ்சள் கோடோடும் வரும். நாளாக ஆக அது பழுப்பாகும்.

நிலைத்த முன்பற்கள் ஏழு எட்டு வயதில்தான் வெளியே தெரிகின்றன. ஆனால் அவை ஈறுக்குள் உருவாவது பிறந்ததிலிருந்து நான்கைந்து வயது வரைக்கும். அப்படியென்றால் இன்று மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையின் பல்லில் தெரிகிற கறை, அது அங்கன்வாடிக்குப் போகும் முன்பே குடித்த தண்ணீரின் கறை. அதற்கு இன்றைக்குப் பிள்ளையைத் திட்டி என்ன பயன்? செங்கல் பொடி, அடுப்புக்கரி, சாம்பல், உப்பு என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் கறை போகாது. எனாமல்தான் தேயும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. பிள்ளை வளர்ந்த பிறகு, வேண்டுமென்றால் பல் நிறத்திலேயே மேல்பூச்சு ஒட்டிக் கறையை மறைக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அதுவரை அந்தப் பல் உறுதியாக இருக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில் மூன்று நாலு விஷயம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வீட்டில் இன்னும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. கிருமி சாகும், அவ்வளவுதான். தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட ஃப்ளோரைடு இன்னும் கூடத்தான் செய்யும். கூட்டத்துக்கு வந்திருந்த தாய்மார்கள் இதைக் கேட்டு அதிர்ந்துபோனார்கள். கைக்குழந்தைக்கு நல்லது என்று போர்த் தண்ணீரைத்தான் நன்றாகக் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். 2013 முதல் நமக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறது. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ், அதாவது ஃப்ளோரைடு கூடுவதால் வரும் பாதிப்பைக் குறைப்பது என்பது இருக்கிறது. இதற்காகவே கொண்டுவந்த காவிரித் தண்ணீர் அது. அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் தனிக் குடத்தில் பிடித்து வையுங்கள். போர்த் தண்ணீர் குளிக்க, துணி துவைக்க, மாட்டுக்கு. சமையலையும் சேர்த்துச் சொல்கிறேன்: சோறும் களியும் பருப்பும் உலைத்தண்ணீரை உறிஞ்சிக்கொள்கின்றன, அதில் உள்ளதும் கூடவே வயிற்றுக்குப் போகிறது. மழைத் தண்ணீரில் ஃப்ளோரைடு மிகக் குறைவு. ஓட்டு வீட்டிலும் தளம் போட்ட வீட்டிலும் முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்துச் சுத்தமாக மூடி வைக்கலாம். இன்னொன்று, தாய்ப்பால். அம்மா குடிக்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு இருந்தாலும் தாய்ப்பாலில் அது மிகக் கொஞ்சமே இறங்கும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுப்பது பல்லுக்கும் நல்லது.

உங்கள் வீட்டு போரில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியவேண்டுமென்றால், ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். கண்ணாடி பாட்டில் வேண்டாம். எப்படி, எங்கே என்று தெரியாதவர்கள் பள்ளிக்கு வாருங்கள், நான் கடிதம் எழுதித் தருகிறேன்.

கறை பற்றி இவ்வளவு போதும். சொத்தை வேறு விஷயம். கறைக்குப் பிள்ளையைத் திட்டுகிற நாம், சொத்தையைக் கண்டால் "பால் பல்லுதானே, விழுந்துடும்" என்று விட்டுவிடுகிறோம். இரண்டுமே தலைகீழாக இருக்கிறது.

ஆறு வயதில் நடக்கிற ஒன்றைக் கவனியுங்கள். பால் பற்கள் இருபது. அந்த வரிசைக்குப் பின்னால், கடைசிப் பால் பல்லுக்கும் அந்தப் பக்கம், மேலே இரண்டு கீழே இரண்டு என நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கும். அதற்காக எந்தப் பல்லும் விழாது. அதனால் யாருக்கும் அது முளைத்ததே தெரியாது. தெரிந்தவர்களும் அதைப் பால் பல் என்றே நினைப்பார்கள். அது நிலைத்த பல். அறுபது எழுபது வயது வரைக்கும் சோறு மெல்ல வேண்டிய பல். மேற்பரப்பில் பள்ளம் பள்ளமாக இருப்பதால் மாவுப் பண்டம் அதில் அப்பிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அந்தப் பல் பாதி கரைந்து ஓடு மாதிரி நின்றது. அப்பா பக்கத்திலேயே இருந்தார். "இது எப்போ சார் விழும்?" என்று கேட்டார். மருத்துவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இது விழாதுங்க, எடுத்தா திரும்ப வராது" என்றார். அந்த அப்பாவின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதியே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன்.

இன்று இரவு உங்கள் பிள்ளையை வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி, கடைசியில் இருக்கும் பல்லைப் பாருங்கள். கறுப்புப் புள்ளியோ சிறு குழியோ தெரிந்தால் வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். குழி சின்னதாக இருக்கும்போது அடைத்துவிட்டால் ஒரே நாளில் வேலை முடியும். வலி வந்துவிட்டது என்றால் பெரும்பாலும் சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் வேர் சிகிச்சை, இல்லாவிட்டால் பிடுங்குவது. சொத்தை வராத பல்லாக இருந்தால், பள்ளங்களை முன்கூட்டியே மூடிவிடவும் வழி இருக்கிறது. மருத்துவரிடம் கேளுங்கள்.

பால் பல்லும் சும்மா விழுந்துபோகிற பல் இல்லை. கீழே வளரும் பல்லுக்கு அது இடம் பிடித்து வைத்திருக்கிறது. நேரத்துக்கு முன்பே எடுத்துவிட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். புதுப் பல் கோணலாக வரும். கடைவாய்ப் பால் பற்கள் விழுவது பத்துப் பன்னிரண்டு வயதில். அதுவரை ஒரு பிள்ளை வலியோடு ஒரு பக்கமாக மென்று, இரவில் தூங்காமல், மறுநாள் வகுப்பில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருப்பதை நான் பார்க்கிறேன். நாங்கள் கணக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறோம், பிள்ளைக்குப் பல் வலிக்கிறது.

சரி, என்ன செய்வது? ஒன்றே ஒன்று செய்யுங்கள் என்றால், நான் இரவில் பல் விளக்குவதைத்தான் சொல்வேன். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடும். பகலில் பல்லைக் கழுவிக்கொண்டே இருப்பது அந்த எச்சில்தான். இரவில் அது இல்லாதபோது, பல்லில் ஒட்டிய இனிப்பைக் கிருமி தின்று அமிலமாக்கி, விடிய விடியப் பல்லை அரிக்கிறது. காலையில் விளக்குவதை எல்லாரும் செய்கிறோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கிவிட்டு, அதற்கப்புறம் தண்ணீர் தவிர வேறெதுவும் கொடுக்காதீர்கள். பாட்டிலில் சர்க்கரை போட்ட பாலை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கவைக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். மேல் முன்பற்கள் நான்கும் வரிசையாகக் கரைந்துபோன குழந்தைகளுக்கு அதுதான் காரணம்.

இரண்டாம் மூன்றாம் வகுப்பு வரைக்கும் பிள்ளை தானாக விளக்கினால் போதாது. கை அந்த அளவுக்குப் பழகியிருக்காது. பிள்ளையின் பின்னால் நின்று, தலையை உங்கள் மேல் சாய்த்துக்கொண்டு, நீங்களே இரண்டு நிமிடம் தேய்த்துவிடுங்கள். தலை பின்னுகிற அதே நேரம்தான். மென்மையான பிரஷ், ஆளுக்கு ஒன்று. அண்ணன் தம்பி ஒரே பிரஷ் வைத்துக்கொள்ள வேண்டாம். பேஸ்ட் விளம்பரத்தில் வருவதுபோல் நீளமாகப் பிதுக்காதீர்கள். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவு. இனிக்கிறது என்று பிள்ளைகள் விழுங்கிவிடுகிறார்கள், துப்பச் சொல்லிப் பழக்குங்கள். தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடு உடம்புக்குள் போய்க் கெடுக்கிறது. பேஸ்ட்டில் உள்ளது பல்லின் மேல் பட்டு அதைக் காக்கிறது. விழுங்கினால் அந்த வித்தியாசம் இல்லாமல் போகும். போர்த் தண்ணீரையே குடிக்கிற வீடாக இருந்தால், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எந்தப் பேஸ்ட் என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். வேப்பங்குச்சி ஆலங்குச்சி பழக்கம் உள்ளவர்கள் விட வேண்டியதில்லை. நுனியை நன்றாக மென்று தும்பாக்கி மெதுவாகத் தேய்த்தால் சரி.

தின்பண்டத்தில் எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு தடவை இனிப்பு பட்டதும் அரை மணி நேரம் போல வாயில் அமிலம் இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு மிட்டாய் தின்றால் ஒரு தடவை. அதையே சாயந்திரம் முழுக்கச் சப்பிக்கொண்டிருந்தால் பல்லுக்கு ஓய்வே இல்லை. டீயில் தொட்ட பிஸ்கட்டும், பாக்கெட் சிப்ஸும் பல்லிடுக்கில் பசை மாதிரி ஒட்டுகின்றன. வேர்க்கடலை, கொய்யா, வெள்ளரி கொடுத்தனுப்புங்கள். புளியைத் தடை செய்ய நம் ஊரில் யாராலும் முடியாது, ஆனால் தின்ற உடனே வாயைக் கொப்பளிக்கட்டும். பல் விளக்குவதென்றால் அரை மணி கழித்து. புளிப்பில் இளகிய எனாமலை உடனே தேய்த்தால் அது இன்னும் தேயும்.

பல் பூச்சி எடுக்கிறேன் என்று கண்டங்கத்தரி விதைப் புகை பிடிப்பவர்களிடம் பிள்ளைகளைக் கொண்டுபோகாதீர்கள். சொத்தையில் புழு இல்லை. கிராம்புத் தைலம் ஒரு ராத்திரி வலியை மரக்கச் செய்யும், சொத்தையை ஆற்றாது. சொத்தைக் குழியில் புகையிலை வைப்பது பிள்ளைக்குச் செய்யும் கெடுதல். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று பயப்படவும் வேண்டாம். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் சுடு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருக்காமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்று சொல்ல எனக்கே மனம் கனக்கிறது. சில வருடங்களுக்கு முன், நான் அப்போது வேலை பார்த்த பள்ளியில், கபடி ஆடும்போது ஒரு பையனுக்கு நிலைத்த முன்பல் முழுசாக விழுந்துவிட்டது. பல்லைத் தேடி எடுத்து, மண் போக நன்றாகக் கழுவித் துடைத்து, காகிதத்தில் மடித்து அவன் கையில் கொடுத்து அனுப்பினேன். அக்கறையாகச் செய்ததாகத்தான் நினைத்தேன். மருத்துவரிடம் போவதற்குள் பல் காய்ந்துவிட்டது. காப்பாற்ற முடியவில்லை. வேரைத் தொடாமல், தேய்க்காமல், வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுத்து, மண் இருந்தால் லேசாக அலசி, அந்தக் குழியிலேயே திரும்ப வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். முடியாவிட்டால் ஆறிய பாலில் போட்டு அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோயிருக்க வேண்டும். விழுந்தது பால் பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது. அதைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்துகொள்ளலாம்.

பள்ளியில் நாங்கள் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன். காலை உணவுக்குப் பிறகும் மதியச் சத்துணவுக்குப் பிறகும் சாப்பிட்ட பிள்ளைகள் எல்லாரும் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவார்கள். யாரையும் பல் கறையைச் சொல்லிக் கேலி செய்யக் கூடாது என்று பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். ஆசிரியர்களிடமும் பேசியிருக்கிறேன். அந்த ஆறாம் வகுப்புப் பையனைத் தண்ணீர் பற்றி அறிவியல் பாடத்தில் பேசச் சொன்னேன். கையை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினான்.

இந்தக் கடிதத்தோடு ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு மருத்துவர் கண்டது கறையா, சொத்தையா, இரண்டுமா என்று அதில் வகுப்பாசிரியர் எழுதியிருக்கிறார். சொத்தை என்று எழுதியிருந்தால் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு எந்த நாளில் கூட்டிப்போக முடியும் என்று குறித்துக் கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். மருத்துவமனைக்குப் போகும் அன்று வகுப்புக்கு வராவிட்டாலும் விடுப்பாகக் கணக்கிட மாட்டோம். கூட்டிப்போக ஆளில்லாத வீடுகள் அதையும் எழுதுங்கள். நானோ இன்னோர் ஆசிரியரோ கூட வருகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி,
தருமபுரி மாவட்டம்.