வெள்ளைப் பொன்னியும் வெளியுறவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடுகளுக்கு இடையேயான அறிவியல் ஒத்துழைப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விண்வெளி நிலையம், ஜெனீவா அருகே பூமிக்கடியில் இயங்கும் துகள் முடுக்கி, அண்டார்டிக் ஒப்பந்தம் என்று கட்டுரையாளர் காட்டிய உதாரணங்கள் எல்லாம் சரிதான். ஆனால் கட்டுரையை வீட்டில் படித்துக் காட்டியபோது வந்த முதல் கேள்வி, "இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்பதுதான். அதற்கான பதில் நாம் தினமும் சாப்பிடும் சோற்றில் இருக்கிறது. டெல்டாவில் நெல் போடுகிறவன் என்ற முறையில் அதை எழுதுகிறேன்.

பொன்னி அரிசி காவிரிக் கரையில் காலங்காலமாக விளைந்தது என்று நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நெல்லின் பெற்றோரில் ஒன்று தைவானின் தைச்சுங் 65 என்ற ஜப்பான் வகை நெல். மற்றொன்று மலேயாவின் மாயாங் எபோஸ் 80. இரண்டையும் ஒட்டுச் சேர்த்த இடம் ஒடிசாவின் கட்டாக். அந்தச் சந்ததியில் நல்ல செடிகளைப் பொறுக்கியெடுத்து ரகமாக்கியது மலேசியாவில். 1965-ல் அங்கே மசூரி என்ற பெயரில் வெளிவந்தது. இங்கே வந்து பொன்னி ஆனது. அதிலிருந்து தேர்வு செய்து தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-ல் வெளியிட்டதுதான் வெள்ளைப் பொன்னி. கடைகளில் ஆந்திரா பொன்னி என்று விற்கும் பி.பி.டி. 5204-க்கும் இதே மசூரிதான் ஒரு பெற்றோர்.

இது தற்செயலாக நடந்ததல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஆசியா முழுவதும் அரிசிக்குத் தட்டுப்பாடு. 1943-ல் வங்கத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் மடிந்த துயரம் ஆறவில்லை. 1949-ல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் கீழ் சர்வதேச நெல் ஆணையம் உருவானது. கட்டாக்கில் இருந்த மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் கே. ராமையா, அதற்கு முன் கோவையில் நெல் ஆராய்ச்சி செய்தவர். ஜப்பான் நெல்லையும் நம் வெப்பநாட்டு நெல்லையும் ஒட்டும் திட்டத்தை முன்வைத்தவர் அவரே. காரணம், நம் பழைய ரகங்களுக்கு உரம் போட்டால் ஆளுயரம் வளர்ந்து, கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஜப்பான் நெல் சாயாது. போட்ட உரத்தை மணியாக்கித் தரும். ஆனால் அதை அப்படியே கொண்டுவந்து நட்டால் நம் சீதோஷ்ணத்துக்கு ஒத்துவராது.

நெல்லில் ஒட்டுச் சேர்ப்பது கண்ணுக்கும் கைக்கும் பெரிய சோதனை. கதிர் வெளியே வந்ததும், பூ விரிவதற்கு முன்பே, ஒவ்வொரு பூவின் உமி நுனியையும் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். ஒன்று தங்கிவிட்டாலும் அது தன் மகரந்தத்திலேயே கருவுற்றுவிடும். பிறகு காகித உறை மாட்டி, மறுநாள் காலை வெயில் ஏறி மற்ற ரகத்தின் பூ விரியும் நேரம் பார்த்து, அந்தக் கதிரை மேலே பிடித்துத் தட்டி மகரந்தத்தை உதிர்க்க வேண்டும். இத்தனை பாடுபட்டாலும், இந்த இரண்டு வகை நெல்லுக்கும் இடையேயான ஒட்டில் பெரும்பகுதி பதராகத்தான் போகும். பல நாடுகளின் விதை கட்டாக்குக்கு வந்து, இப்படிக் கலந்து, மீண்டும் அந்தந்த நாட்டு வயல்களுக்கே போயிற்று. நூற்றுக்கணக்கான ஒட்டுகளில் ரகமாக நிலைத்தவை நாலே நாலு. மலேசியாவில் மசூரியும் மலிஞ்சாவும், ஆஸ்திரேலியாவில் சிர்க்னா, தஞ்சை மண்ணில் ஏ.டி.டி. 27. இந்த ஏ.டி.டி. 27-க்கு ஒரு பக்கம் ஜப்பானின் நோரின் 10. இன்னொரு பக்கம் ஆத்தூர் கிச்சிலிச் சம்பாவிலிருந்து 1921-ல் பிரித்தெடுத்த ஜி.இ.பி. 24. 1960-களின் நடுவில் குறுவைக்கு இந்த ரகம் பரவிய வேகத்தை இன்றும் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள்.

இந்த வேலை நடந்த காலத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1950-ல் ஜப்பான் போரில் தோற்று அந்நியப் படையின் பிடியில் இருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை மலேயா ஜப்பானிய ராணுவத்தின் பிடியில் இருந்தது. ரப்பர் தோட்டங்களில் இருந்த நம் தமிழர்களை சயாம்–பர்மா ரயில் பாதை போட இழுத்துப் போய் ஆயிரமாயிரமாகச் சாகடித்தது அந்த ராணுவம்தான். அதே மலேயாவுக்கு, ஆசிய நாடுகளின் வளர்ச்சிக்கு உதவும் கொழும்புத் திட்டத்தின் கீழ் ஜப்பானிய நெல் வல்லுநர்கள் வந்தார்கள். சேற்றில் இறங்கி, செடி செடியாகப் பார்த்து, மசூரியைத் தேர்ந்தெடுத்ததில் அவர்கள் பங்கு உண்டு. இதனால் பழைய பகை தீர்ந்ததா என்றால், இல்லை. ரயில் பாதையில் மாண்டவர்களுக்கான நியாயம் இன்னும் பாக்கிதான். அதைக் கேட்கவும் வேண்டும். ஆனால் எல்லாக் கணக்கும் தீரட்டும், பிறகு விதையைப் பற்றிப் பேசலாம் என்று இரண்டு பக்கமும் இருந்திருந்தால் மசூரி பிறந்திருக்காது. அறிவியல் ராஜதந்திரத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கம்போடியாவின் கதை இன்னும் உருக்கமானது. கெமர் ரூஜ் ஆட்சியின் கொடுமையிலும் பசியிலும் அந்த நாடு தன் பாரம்பரிய நெல் வகைகள் பலவற்றை இழந்தது. நல்லவேளையாக, 1970-களின் தொடக்கத்திலேயே அவற்றில் நூற்றுக்கணக்கானவை பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விதைக் கிடங்குக்குப் போயிருந்தன. 1980-களில் அவை கம்போடிய உழவர்களிடமே திரும்பின. தலைநகர் நாம் பென்னில் அப்போது இருந்த அரசை மேற்கத்திய நாடுகள் அங்கீகரிக்காத நேரம் அது, ஐ.நா.வில் கம்போடியாவின் இருக்கைகூட எதிரணியிடம் இருந்தது. அப்படியிருந்தும் 1987 முதல் ஆஸ்திரேலியா பணம் கொடுத்து, அந்த நிறுவனத்தின் வழியாக நெல் திட்டம் ஒன்றை அங்கே நடத்தியது. தூதரகங்கள் பேச முடியாத இடத்தில் விஞ்ஞானிகள் பேசினார்கள்.

நம் வயலுக்கு வருகிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வடிகால் அடைத்துக்கொண்டு நடவு மூழ்கினால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூழ்கிய பயிர் தண்ணீருக்கு மேலே தலைகாட்ட விறுவிறுவென நீளும். இருக்கிற சத்தையெல்லாம் அதிலேயே செலவழித்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் துவண்டு அழுகிப்போகும். ஒடிசா உழவர்கள் காப்பாற்றி வந்த ஒரு நாட்டு நெல்லுக்கு மட்டும் வேறு குணம். மூழ்கினால் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சத்தைச் சேமித்துப் படுத்திருக்கும். அதிலிருந்து தேர்வு செய்த எஃப்.ஆர். 13 ஏ லாஸ் பானோஸுக்குப் போனது. அந்தக் குணம் ஒன்பதாவது குரோமோசோமில் இருப்பதை கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். 2006-ல் சப்-1 என்ற அந்த மரபணுவே அடையாளம் காணப்பட்டது. அதை ஸ்வர்ணா என்ற நெல் ரகத்தில் ஒட்டு முறையில் ஏற்றிய ஸ்வர்ணா சப்-1 இந்தியாவில் 2009-ல் வெளிவந்தது. பிறகு நம் சி.ஆர். 1009 ரகத்துக்கும் அதே குணம் ஏறி, சி.ஆர். 1009 சப்-1 என்று டெல்டாவுக்கு வந்தது. இரண்டு வாரம்வரை மூழ்கிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்த பின் புதுத் தூர் வெடித்துக் கிளம்பும். இது மரபணு மாற்றுப் பயிர் என்று சிலர் பயப்படுகிறார்கள்; அல்ல, நெல்லோடு நெல்லை ஒட்டியே கொண்டுவந்த குணம் இது. இந்த ஆய்வுக்குத் தொடக்கத்தில் உதவியவற்றில் ஜெர்மனி அரசும் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டும் உண்டு. அந்த யு.எஸ்.எய்டை 2025-ல் அமெரிக்கா மூடியபோது நம்மில் பலர் அதை யாரோ வீட்டுச் செய்தியாகப் பார்த்தோம். அடுத்த சப்-1 எங்கே தடைபட்டு நிற்கிறது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடக்கூடும் என்பது என் கவலை.

"வெளிநாட்டு விதை வந்துதான் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் காணாமல் போயின" என்று சொல்வோர் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1960-களில் வெளிநாட்டு ரகங்களை அவசர அவசரமாகப் பரப்புவதை எதிர்த்த கட்டாக் நிலைய இயக்குநர் ரிச்சாரியா பதவியை இழந்தார். அவர் எழுப்பிய கேள்விகளைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். நெல் ஜெயராமன் ஊர் ஊராக அலைந்து 174 பாரம்பரிய ரகங்களை மீட்டதற்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் எஃப்.ஆர். 13 ஏ-யும் நாட்டு நெல்லிலிருந்து வந்ததுதானே? அது ஒடிசாவின் ஒரு மூலையிலேயே முடங்கியிருந்தால் நம் மூழ்கிய நடவுக்கு என்ன பயன்? நாட்டு நெல்லைக் காப்பதும் விதை எல்லை தாண்டுவதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

என் குறை வேறு. கொடுத்த உழவருக்கு இந்தப் பரிமாற்றத்தில் பெயரும் இல்லை, பங்கும் போதவில்லை. 2001-ல் ரோமில் ஏற்கப்பட்டு 2004-ல் நடைமுறைக்கு வந்த தாவர மரபு வளங்களுக்கான சர்வதேச ஒப்பந்தம், விதையை நாடுகள் பகிரவும், பலனில் ஒரு பங்கு உழவருக்குச் சேரவும் வழி சொல்கிறது. முதல் பாதி ஓரளவு நடக்கிறது. இரண்டாம் பாதிக்கு வரும் பணம் மிகக் குறைவு. விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிற நம் 2001-ஆம் ஆண்டுச் சட்டம், உலகுக்கே முன்மாதிரியாகக் காட்டத்தக்கது. சர்வதேசக் கூட்டங்களில் இந்தியா இதை இன்னும் உரக்கப் பேச வேண்டும். பங்கு தராவிட்டால் விதை தரமாட்டோம் என்று கதவைச் சாத்துவதை நான் ஏற்கவில்லை. நாளைக்கு நமக்குத் தேவைப்படும் குணம் யார் வயலில் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

இரண்டு கோரிக்கைகளை உங்கள் இதழ் வழியாக வைக்கிறேன். வேளாண்மை விரிவாக்க மையத்தில் வாங்கும் சான்று விதை மூட்டையின் நீல அட்டையில் ரகத்தின் பெயர், முளைப்புத்திறன், காலாவதி நாள் எல்லாம் இருக்கின்றன. அந்த ரகம் எந்தெந்த ஊர் நெல்லிலிருந்து வந்தது என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். செலவு ஒன்றும் ஆகாது.

அடுத்தது கொஞ்சம் பெரியது. கடலோரத்தில் உப்பு ஏறிய நிலம் நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பொதுவான தொல்லை. இந்தியா, வங்கதேசம், நேபாளம் ஆகிய நாடுகள் ஒரு நாட்டில் சோதித்த நெல் ரகத்தை மற்ற நாட்டிலும் வெளியிட 2014-ல் உடன்பாடு செய்துகொண்டன. பின்னர் இலங்கையும் அதில் சேர்ந்தது. அதை வைத்துக்கொண்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கிளிநொச்சியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் உப்பைத் தாங்கும் ரகங்களை இரு கரையிலும் ஒரே பருவத்தில் நட்டுப் பார்க்கலாம். நம் பாரம்பரிய நெல்லும் இலங்கை பத்தலகொட நிலையத்தின் ரகங்களும் அந்தச் சோதனையில் இடம்பெற வேண்டும். மீனவர் பிரச்சினை தீரும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சென்னையும் டெல்லியும் கொழும்பும் மனது வைத்தால் வரும் சம்பாவிலேயே நாற்று விடலாம்.

இப்படிக்கு,
நெல் விவசாயி ஒருவர்,
மன்னார்குடி வட்டம்.