வாசகர் வட்டம்: ஜீனோவை இனி கைபேசியிலும் படிக்கலாம்

அனைவருக்கும் வணக்கம்.

ஜீனோ என்ற இயந்திர நாய் வரும் சுஜாதாவின் நாவல்கள் 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' இரண்டும் மின்னூல்களாகக் கிடைக்கின்றன. நம் குடியிருப்பு நூலகத்தில் இருப்பது, தொடராக வந்தபோது யாரோ கத்தரித்துத் தைத்த பைண்டு. தாளைத் திருப்பினால் ஓரம் பொடியாக உதிர்கிறது; மழைக்கால ஈரத்தில் கடைசி அத்தியாயங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. அதனால் எனக்கு இது பெரிய நிம்மதி.

பிப்ரவரி 27 சுஜாதாவின் நினைவு நாள். அன்று மாலை 5 மணிக்கு மொட்டைமாடியில் கூடுகிறோம்.

1. முதல் நாவலை அதற்குள் படித்துவிடுங்கள். எழுதியது 1980-களில், கதை நடப்பது 2021-இல். இன்றைக்குப் படிக்கும்போது அந்த இடைவெளியே தனிச் சுவை.
2. விலை கொடுத்து வாங்குங்கள். திருட்டு நகல்களைக் குழுவில் தயவுசெய்து பகிர வேண்டாம்.
3. மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். வீட்டுப் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் இறக்கிக் கொடுங்கள். பார்வை மங்கியதால் படிப்பதையே விட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.
4. பிடித்த ஒரு பத்தியைக் குறித்து வாருங்கள்.

வருபவர்கள் 25-ஆம் தேதிக்குள் இங்கேயே பதிலிடுங்கள். எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் சுண்டலுக்கு ஊறப்போட முடியும்.