காய்கறிக்குப் பரிசு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காய்கறியைத் தொட மறுக்கும் பிள்ளைகளிடம் பெற்றோர் பெரும்பாலும் பேசுவது, "இதைச் சாப்பிட்டால் ஐஸ்கிரீம் தருகிறேன்" என்ற பேரந்தான். இதைக் கேட்டு வளரும் குழந்தைக்குக் காய் என்பது கூலிக்குச் செய்யும் வேலையாகவும், ஐஸ்கிரீமே விரும்பத்தக்க உணவாகவும் மனத்தில் பதிந்துவிடுகிறது. கூலி நின்ற நாளில் வேலையும் நின்றுவிடும். என் மூத்த மகனிடம் இதே பிழையைப் பல ஆண்டுகள் செய்தவன் என்பதால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

2 முதல் 6 வயதுக்குள் புதிய உணவைக் கண்டு தயங்குவது பிள்ளைகளின் இயல்பு. அது பிடிவாதம் அன்று. கசப்பை விலக்குவதும் பிறவியிலேயே அமைந்ததுதான். முட்டைக்கோசு, புரோக்கோலி போன்றவற்றின் கசப்பு, மரபணுவின் காரணமாகச் சிலருடைய நாக்கில் கூடுதலாகவே உறைக்கிறது. ஒரே காயை வற்புறுத்தாமல், சிறிதளவாக, 8 முதல் 15 முறை வரை சுவைக்கக் கொடுத்தால் குழந்தைகள் பலர் அதை ஏற்றுக்கொள்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நாமோ மூன்றாம் முறையிலேயே "இவனுக்கு இது பிடிக்காது" என்று தீர்ப்பளித்து, அதை அவன் காதுபடவே உறவினரிடமும் சொல்லிவிடுகிறோம். (முட்டைக்கோசை அளவுக்கு மீறி வேகவைத்தால் எழும் கந்தக வாடைக்குப் பிள்ளை முகம் சுளித்தால், குற்றம் சமைத்தவருடையது.)

நாளொன்றுக்குக் காய்கறியும் பழமும் சேர்த்து 2 முதல் 5 வயதினருக்குக் குறைந்தது 250 கிராம், 6 முதல் 9 வயதினருக்கு 350 கிராம், 10 வயதுக்கு மேற்பட்டோருக்கு 400 கிராம் தேவை என்று உலகச் சுகாதார அமைப்பு 2023ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் சேராது என்பதைச் சிப்ஸ் பிரியர்கள் கவனிக்கவேண்டும்.

பதின்பருவத்தினரிடம் அணுகுமுறையே வேறாக இருக்கவேண்டும். நாற்பது வயதில் வரக்கூடிய நோயைச் சொல்லிப் பதினைந்து வயதினரை அச்சுறுத்திப் பயனில்லை. எந்தக் காயை வாங்குவது, எப்படிச் சமைப்பது என்ற முடிவை வாரத்தில் இரண்டு நாட்களாவது அவர்களிடமே விட்டுவிட்டு, அவர்கள் சமைத்ததைக் குறை சொல்லாமல் பெற்றோரும் உடன் அமர்ந்து சாப்பிடுவது எங்கள் வீட்டில் ஓரளவு பலன் தந்தது. தாங்கள் வெளியிடும் சமையல் குறிப்புகளில், பதின்பருவத்தினர் பிறர் உதவியின்றி அரைமணி நேரத்தில் செய்து முடிக்கக்கூடிய காய்கறி உணவு ஒன்றுக்கு வாரந்தோறும் இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்