எல்லைக்கு அந்தப் பக்கம் விளைந்தால் உழவர் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள உழவர் சந்தைகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். நகரத்துக்காரர்கள் வாரம் ஒரு சந்தையாகப் போய்வரலாம் என்று யோசனையும் சொல்லியிருந்தீர்கள். நல்ல யோசனைதான். அதில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் நடுவே காய்கறி வெள்ளாமை செய்கிறவன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் பேசுவது தமிழ், கரம் (நிலவரி) கட்டுவது கேரளத்துக்கு. பந்தலில் பாகலும் புடலையும், மேட்டாங்காட்டில் தக்காளியும் வெண்டையும் போடுகிறேன். மகள் குனியமுத்தூரில் குடியிருக்கிறாள். அதனால் உங்கள் கட்டுரையில் வந்த சந்தைகளுக்கெல்லாம் நானும் போகிறவன்தான், ஆனால் விற்பதற்கு அல்ல, வாங்குவதற்கு. காய் விளைவிக்கிறவன் காசு கொடுத்துக் காய் வாங்கும் அதிசயத்தைப் பார்த்து என் மனைவிக்கு ஒரே சிரிப்பு.

சந்தைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விவசாயியாக இரண்டு விஷயம் சொல்லலாம். கடையில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒருவரிடம் பீர்க்கங்காய், கொஞ்சம் அவரை, நாலு கட்டு கீரை மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் அவர் காட்டில் விளைந்தது. கேரட், பீட்ரூட், தக்காளி, முருங்கை, தேங்காய் என்று பதினைந்து வகையும் ஒரே மேடையில் அடுக்கியிருந்தால், எந்தக் காட்டில் இத்தனையும் ஒன்றாக விளைகிறது என்று கேட்டுப் பாருங்கள், பதில் சுவாரசியமாக இருக்கும். அடுத்தது காய். பாகற்காயின் முள் மழுங்காமல் இருந்தால் அது அதிகம் கைமாறவில்லை, மூட்டையில் நசுங்கவும் இல்லை. தக்காளிக் காம்பு பச்சையாக நிமிர்ந்து நின்றால் முந்தின நாள் பறித்தது.

எல்லாவற்றையும் விட, விற்கிறவரின் கையைப் பாருங்கள். தக்காளி பறித்த கையில் பச்சையும் கறுப்புமாக ஒரு கறை ஏறும். செடியைத் தொட்டுத் தொட்டு வருவது அது. சோப்புப் போட்டால் நுரை மஞ்சளாக வரும், நகக்கண்ணில் இருப்பது அப்போதும் போகாது. குனியமுத்தூர் சந்தையில் ஒரு அம்மா சில்லறை நீட்டியபோது அந்தக் கறையைப் பார்த்துவிட்டு, "சொந்தக் காடுங்களா?" என்று கேட்டேன். "ஆமாங்ணா, பிச்சனூர்ப் பக்கம். நேத்து சாயங்காலம் பறிச்சோம். உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றார். சொன்னேன். "அட, பக்கத்துலதான். அப்புறம் நீங்களும் கொண்டாந்து போடலாமுங்களே?" என்றார்.

போட முடியாது என்பதுதான் நான் சொல்ல வந்தது. அந்த அம்மாவின் காட்டுக்கும் என் காட்டுக்கும் நடுவில் ஒரு மாநில எல்லை ஓடுகிறது. உழவர் சந்தையில் கடை போட அடையாள அட்டை வேண்டும். அதற்கு வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) சான்று, சிட்டா, அடங்கல் என்று தமிழ்நாட்டு நில ஆவணங்கள் எல்லாம் கேட்கிறார்கள். அதிகாரி காட்டுக்கு வந்து பயிரைப் பார்த்துவிட்டுத்தான் அட்டை தருவார். வியாபாரிகள் உள்ளே நுழையாமல் இருக்க இந்தச் சோதனை தேவைதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் இருப்பது கேரள வில்லேஜ் ஆபீஸின் கரம் ரசீதும், நிலம் என் கைவசம் இருப்பதற்கான சான்றிதழும். இங்கே வி.ஏ.ஓ. கிடையாது, சிட்டாவும் கிடையாது. விசாரித்தபோது, "உங்க கிருஷி பவனில் கேளுங்க" என்று மரியாதையாகத்தான் திருப்பி அனுப்பினார்கள். கிருஷி பவன் என்பது கேரள வேளாண் துறையின் உள்ளூர் அலுவலகம். அங்கே விதை கிடைக்கும், மானியம் கிடைக்கும். கோவையில் கடை போட அட்டை எப்படிக் கிடைக்கும்?

இதனால் எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். உழவர் சந்தையில் அதிகாலையிலேயே மொத்த மார்க்கெட் விலையைப் பார்த்து அன்றைய விலையை முடிவுசெய்து பலகையில் எழுதிவிடுகிறார்கள். மொத்த விலையை விட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதல், வெளியே சில்லறை விலையை விட 15 சதவீதம் குறைவு என்பது கணக்கு. கடைக்கு வாடகை இல்லை, தராசும் அவர்களே தருகிறார்கள். நான் காய் போடுகிற கமிஷன் மண்டியிலோ நூற்றுக்குப் பத்து கமிஷன். அதற்கு மேல் மூட்டைக்கு இவ்வளவு என்று கழிவு. இறக்குக்கூலியும் என் தலையில்தான். விலை என்ன என்று காய் இறங்கிய பிறகுதான் தெரியும். சில நாள் மறுநாள்தான் தெரியும். அந்த மண்டிக்காரரைத் திட்ட எழுதவில்லை, அவசரத்துக்கு முன்பணம் கொடுப்பவரும் அவர்தான். முன்பணம் வாங்கிவிட்டால் காயை வேறு எங்கும் கொண்டுபோக முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அதே காய் மண்டியிலிருந்து லாரி ஏறி எந்த மாநிலத்துக்கும் போகலாம், யாரும் சிட்டா கேட்பதில்லை. வியாபாரி எல்லை தாண்டலாம், விளைவித்தவன்தான் தாண்டக் கூடாது. தண்ணீருக்குக்கூட இந்தச் சிக்கல் இல்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தில் சித்தூர் தாலுகாவுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்று இரண்டு மாநிலங்களும் 1970-லேயே கையெழுத்துப் போட்டிருக்கின்றன. (எங்கள் பக்கம் கடைமடைக்கு அது எவ்வளவு வந்து சேர்கிறது என்பது தனிக் கதை. போர்வெல்தான் எங்களுக்குத் துணை.) தண்ணீர் இந்தப் பக்கம் வர ஒப்பந்தம் போட முடிந்தவர்களுக்கு, ஒரு கூடை பாகற்காய் அந்தப் பக்கம் போக வழி செய்வது பெரிய காரியமா?

சரி, கேரளத்தில் என்ன இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 2020 நவம்பர் 1 முதல் 16 வகைக் காய்கனி, கிழங்குகளுக்கு அடிப்படை விலை அறிவித்தார்கள். உற்பத்திச் செலவோடு 20 சதவீதம் சேர்த்து வைத்த விலை. கிலோவுக்குப் பாகற்காய்க்கு 30 ரூபாய், புடலைக்கு 16, வெண்டைக்கு 20, தக்காளிக்கு 8. காய்கறிக்கு இப்படி விலை வைத்த முதல் மாநிலம் என்று பெருமையாகப் பேசப்பட்டது, பெருமைப்பட வேண்டியதுதான். பாகலுக்கு அந்த விலை பரவாயில்லை. தக்காளிக்கு எட்டு ரூபாய் என்பது பறிகூலியும் வண்டி வாடகையும் போக என்ன மிச்சம் வைக்கும் என்று தக்காளி போட்டவர்களுக்குத் தெரியும். வி.எஃப்.பி.சி.கே. என்கிற கேரளக் காய்கறி, பழ வளர்ச்சிக் கவுன்சிலின் விவசாயிகள் சந்தைகளும் உண்டு, மண்டியை விட மேல். ஆனால் அங்கே காயை மொத்தமாக எடுப்பது வியாபாரிகள். வீட்டுக்கு வாங்குகிறவர் பையோடு நேராக என் முன்னால் வந்து நின்று, "அரைக் கிலோ போடுங்க, பிஞ்சாப் பார்த்துப் போடுங்க" என்று கேட்கிற ஏற்பாடு எங்கள் பக்கம் இல்லை.

தமிழ்நாட்டில் அந்த ஏற்பாடு 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கியது. ஆந்திரத்தில் அதே ஆண்டு ஜனவரியில் ரைத்து பஜார் வந்தது. பஞ்சாபில் அப்னி மண்டி 1987-லேயே. தமிழ்நாட்டில் ஆட்சி மாறியபோது சந்தைகள் சோர்ந்ததும், 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் வந்ததும் உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். இத்தனை மாநிலம் செய்ததைக் கேரளம் கொழிஞ்சாம்பாறையிலோ பாலக்காட்டிலோ ஏன் செய்யக் கூடாது? காய்கறிக்குத் தமிழ்நாட்டு லாரியைப் பார்த்துக் காத்திருக்கிற மாநிலம் அது. சொந்த எல்லைக்குள் விளைகிற காயை விளைவித்தவர் கையால் விற்க நாலு மேடையும் ஒரு கூரையும் போதும்.

தமிழ்நாட்டு வேளாண் விற்பனைத் துறையிடம் கேட்பது இன்னும் சின்னது. குனியமுத்தூர், சுந்தராபுரம் சந்தைகளில் உள்ளூர்க்காரர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சும் கடைகளை எல்லைக் கிராமத்தார்க்கு ஒதுக்குங்கள். கிருஷி பவன் அதிகாரி எழுதிக் கொடுக்கும் பயிர்ச் சான்றை ஏற்றுக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் நேரில் வந்து பாருங்கள், கே.ஜி.சாவடி வழியாக வந்தால் எங்கள் ஊர் தூரமே இல்லை. பிச்சனூர்க்காரர்களின் இடத்தைப் பிடுங்கிக்கொண்டு எங்களுக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் எங்களைப் போலத்தான்.

உங்கள் நிருபர் அடுத்த முறை சந்தைகளைப் பற்றி எழுதும்போது, எல்லை தாண்டி இந்தப் பக்கமும் ஒருநாள் வரட்டும். வேலந்தாவளம் மார்க்கெட்டில் மூட்டை இறங்குகிற நேரத்துக்கு வந்தால், கழிவு எப்படிப் போடுகிறார்கள் என்று கண்ணால் பார்க்கலாம். அட்டை விஷயத்தில் எந்த மாநிலம் முந்துகிறதோ அந்தப் பக்கம் கூடையைத் தூக்க நாங்கள் தயார். தமிழில் அடித்தாலும் சரி, மலையாளத்தில் அடித்தாலும் சரி, அட்டை கைக்கு வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு காய்கறி விவசாயி,
வேலந்தாவளம், பாலக்காடு மாவட்டம்.